சார்ஜ் ஏறாத வேன்

என் டிபன் கடைக்கு நேர் எதிரே மூர்த்தியின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ரோட்டில் இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. காலையில் நான் முதல் ஈடு இட்லியை இறக்குகிற நேரத்தில் அங்கே யாராவது ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். பேட்டரி டவுன், செல்ஃப் எடுக்கவில்லை, டைனமோ போச்சு, வயர் கருகிடுச்சு. இதையே கேட்டுக் கேட்டு எனக்கே பாதித் தொழில் வந்துவிட்டது. என் கிரைண்டர் நின்றுபோனால் ஆளைக் கூப்பிடாமல் நானே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐப்பசி மழையில் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அலுத்துப்போன வண்டி முருகவேலின் வெள்ளை வேன்தான். ஸ்டியரிங்கில் மகள் ஆர்த்தி உட்கார்ந்திருப்பாள். பின்னால் முருகவேலும் அவர் சம்சாரம் அருணாதேவியும் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஊரில் பெண்பிள்ளையை உட்காரவைத்து அம்மாவும் அப்பாவும் வண்டி தள்ளுகிற அதிசயத்தை இங்கேதான் பார்க்கலாம். அந்தப் பெண்ணால் தள்ள முடியாது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும். அதனால் கிளட்ச் விடுவதற்கு மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"உடு ஆர்த்தி, இப்ப உடு!" என்று முருகவேல் கத்துவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, நின்றுவிடும்.

முருகவேல் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆள். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பம். காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த மகளுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று தெரிந்ததும், நிலத்தைத் தம்பி கையில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிட்டே இருப்போம் என்று எங்கள் பின்தெருவுக்குக் குடிவந்தார்கள். அம்மா கொடுக்கலாம் என்றால் அவளுக்குச் சர்க்கரை. அப்பா கொடுக்கலாம் என்றால் ரத்தம் சேரவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்தப் படுக்கை அடுத்தவருக்கு. அவர்களையும் குறை சொல்ல முடியாது, வெளியே அத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மகளை இறக்கிவிட்டு வந்த பிறகுதான் முருகவேல் ஆபீஸ்காரர்களையும் கிரிவலம் வருகிறவர்களையும் ஏற்றுவார். வேன் ஓடினால் பிள்ளைக்கு மூச்சு ஓடும், வீட்டில் உலை கொதிக்கும். அவ்வளவுதான் அந்த வீட்டுக் கதை.

அந்த வேன்தான் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து மக்கர் பண்ணியது. நாளெல்லாம் ஓடும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் 'கட் கட்' என்று பல்லியாட்டம் சத்தம் மட்டும் வரும்.

முதலில் பேட்டரி பழசு என்றான் மூர்த்தி. புதுசு போட்டார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி. பிறகு டைனமோவைக் கழற்றினான். பிரஷ் மாற்றினான், பெல்ட்டை இழுத்துக் கட்டினான். வண்டியை ஓடவிட்டு, டைனமோ மேல் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஏறுது, எடுத்துக்கினு போ" என்றான். மறுநாள் காலையில் அதே பல்லி.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் கொட்டுகிற மழை. வேன் அசையவில்லை. ஆட்டோவும் கிடைக்கவில்லை. இவர்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தபோது படுக்கை கைமாறிவிட்டது. சாயந்திரம்தான் இடம் கிடைத்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வீங்கி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்ததாம். திரும்பி வந்தபோது நான் பார்த்தேன். அருணாதேவியின் தோளில் அந்தப் பெண்ணின் விரல் அழுந்திய தடம் அப்படியே இருந்தது. சுடுதண்ணீர் வைத்து அந்தத் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன். நானும் பிள்ளை பெற்றவள்தானே.

அடுத்த நாள் அருணாதேவி நேராக எதிர்க் கடைக்குப் போனாள். சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் இட்லிக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூர்த்திண்ணா, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா எம்பொண்ணு தாங்காது. ஒனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. நாங்க வேற எங்கியாச்சும் காட்டிக்கறோம்."

மூர்த்திக்கு முகம் சுருங்கிப்போச்சு. அவனும் பாவம், கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஊரிலுள்ள வண்டியெல்லாம் அவன் கடையில்தான் வரிசை கட்டும். இடுப்பு வலிக்கு பெல்ட் கட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்து எழுந்துகொண்டிருந்தான். "இன்னிக்கு வேற எந்த வண்டியும் தொட மாட்டேன் தங்கச்சி. இன்னான்னு பாத்துடறேன்" என்றான்.

பேட்டரி வயரைக் கழற்றினான். வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு பல்பை வைத்துத் தொட்டான். சாவி இல்லை, லைட் இல்லை, எல்லாம் ஆஃப். ஆனாலும் பல்பு மினுக்கென்று எரிந்தது.

"பாத்தியா! வண்டி தூங்குது, எங்கியோ ஒண்ணு முழிச்சுக்கினு குடிக்குது" என்றான் மூர்த்தி.

வயரைப் பிடித்துத் தேடிக்கொண்டே போனான். டேஷ்போர்டு மேல் அண்ணாமலையார் படம். படத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் ஒரு குண்டு பல்பு. அதன் வயர் சாவிக்குப் போகாமல் நேராகப் பேட்டரிக்குப் போயிருந்தது.

"இதான். ராத்திரி பகல்னு எரிஞ்சா பேட்டரி இன்னா ஆவும்? புடுங்கிடறேன்" என்று கையை வைத்தான்.

"கைய எடுண்ணா!"

அருணாதேவி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு நானும் ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் தீபத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இந்த வேன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. உள்ளே ஆர்த்திக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண் செருகி, நினைவு தப்பிவிட்டது. அந்த நேரத்தில் மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்று கத்தியது. வேன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு அருணாதேவி வேண்டிக்கொண்டாள். பிள்ளை கண் திறந்தால், இதே வண்டியில் உனக்கு ஒரு விளக்கு வைக்கிறேன், அடுத்த தீபம் வரைக்கும் ஒரு பொழுதும் அணைய விடமாட்டேன் என்று. பிள்ளை கண் திறந்தாள். ஓடுகிற வண்டியில் எண்ணெய் விளக்கு வைக்க முடியுமா? அதனால் பல்பு. இன்னும் கொஞ்ச நாளில் தீபம் வந்துவிடும், வேண்டுதல் முடிந்துவிடும். இப்போது போய்ப் பிடுங்குகிறேன் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

"எல்லாம் சரிதான் தங்கச்சி. சாமி வேணாம்னு நான் சொல்லல. ஒரு சுவிட்ச் வெச்சுத் தரேன். வண்டி ஓடறப்ப எரியட்டும், நிக்கறப்ப அணையட்டும்" என்றான் மூர்த்தி.

"அணையாத வெளக்குன்னு சொல்லிட்டு அப்புறம் சுவிட்ச் வெக்கறதா? யார ஏமாத்தறதுக்கு?"

"அப்ப வண்டி நிக்கத்தான் செய்யும்."

"தீபத்துலேந்து ஆயுத பூஜ வரிக்கும் இது எரிஞ்சுக்கினுதான இருந்துச்சு? அப்ப நிக்காத வண்டி இப்ப மட்டும் ஏன் நிக்குது? அத்தச் சொல்லுண்ணா மொதல்ல."

நியாயமான கேள்வி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள், மீட்டர் வைத்திருந்தவன் நின்றான், ஒருத்தர் காதிலாவது அது ஏறியதா? பொம்பிளை சாமி பைத்தியத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். "அப்ப பழைய பேட்டரி தாங்குச்சு, இப்ப வர்றதெல்லாம் அந்த மாதிரி தரமா வரதில்ல" என்று ஏதோ ஒரு சப்பைக்கட்டு கட்டினான் மூர்த்தி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முருகவேல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. வேனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் ஆர்த்தி என் கடைக்கு வந்தாள். அவளுக்கென்று உப்புப் போடாமல் நாலு இட்லி தனியாக ஊற்றுவேன். சட்னி கூடாது, சாம்பார் கூடாது. சர்க்கரையைத் தொட்டுக்கொண்டு தின்பாள். தண்ணீர்கூட அளந்துதான். இந்த வயசுப் பிள்ளை மல்லாட்டைச் சட்னி வாசனையை மோந்துகொண்டு வெறும் இட்லியைப் பிட்டுப் போடுவதைப் பார்த்தால் எனக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடலாம் போல இருக்கும்.

"பெரிம்மா, எங்கம்மா ராத்திரில எத்தினி வாட்டி எழுந்து போவுது தெரியுமா? வேனாண்ட போயி வெளக்கு எரியுதான்னு பாத்துட்டு வந்து படுக்குது. அப்புறம் மறுபடியும் எழுந்து போவுது. மழ பேஞ்சா கொட புடிச்சுக்கினு போவுது" என்றாள்.

"நீ தூங்க மாட்டியா?"

"நான் தூங்கற மாதிரி படுத்துக்கினு இருப்பேன். கதவு தெறக்கற சத்தம் கேக்கும். எனக்கோசரம் எழுந்துக்குதே, நான் பொறக்காம இருந்திருந்தா இது நல்லா தூங்கிக்கினு இருக்குமேன்னு தோணும்."

"சீ, வாய மூடு. வெளக்கு வெக்கற நேரத்துல பேசற பேச்சா இது" என்று அதட்டினேன். வேறு என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஆறுதல் அதட்டல்தான். இன்னொரு இட்லியை அவள் தட்டில் போட்டேன். வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு, மாடவீதி வரைக்கும் போய்வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனாள். கடைவீதியைப் பார்த்தால் கொஞ்சம் மனசு ஆறும் என்று நானும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வேன் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டது. மழை விட்டு வெயில் அடித்த நாட்கள் அவை. "பாத்தியாக்கா, வெளக்கும் எரியுது, வண்டியும் ஓடுது" என்று அருணாதேவி என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவள் சிரித்து எத்தனை நாளாச்சு என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

அன்று காலை இருட்டு இன்னும் முழுசாகப் பிரியவில்லை. தூறல். தெருமுனையில் அதே குரல், "உடு ஆர்த்தி, இப்ப உடு!" வேன் என் கடை வாசலில் வந்து செத்து நின்றது. அருணாதேவிக்குச் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. முருகவேல் மூர்த்தி கடையின் ஷட்டரைத் தட்டினார். அவன் கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறான். பல் விளக்காத வாயோடு வந்தான். வேனைப் பார்த்ததும் அவனுக்கும் ஆத்திரம் வந்துவிட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன். சொன்னனா இல்லியா? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்குன்னு, வேல தெரியாம வெளக்கு மேல பழி போடறான்னு ஊரெல்லாம் பேசறதுக்கா? வழி உடு தங்கச்சி. வயர வெட்டிட்டு, என் வண்டி பேட்டரிய வெச்சு எடுத்துத் தரேன். பொண்ணு போவணும் இல்ல?"

கையில் கட்டிங் பிளேயர். அருணாதேவி வேனின் முன்கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டாதண்ணா. ஒன் பேட்டரிய வெச்சு எடுத்துக் குடு, போதும். வெட்டாத."

"நாளான்னிக்கும் நிக்கும் தங்கச்சி!"

"ஏங்க, சொல்லுங்களேன் அவர்கிட்ட!" என்று புருஷனைப் பார்த்தாள். முருகவேல் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "உட்டுடு அருணா. போதும்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"போதுமா? இன்னா போதும்? இத்தினி நாளு காப்பாத்திட்டு, கரைக்கு வந்தப்புறம் போதும்ன்றீங்க. அணைஞ்சுதுன்னா எம்பொண்ணுக்கு இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா." ஆர்த்தி ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி வந்தாள். முகம் உப்பியிருந்தது. சொல்வதற்கு முன்னால் ஒருதரம் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்த வெளக்கு எப்பவோ அணைஞ்சாச்சும்மா."

ஆர்த்தி எட்டி அந்தச் சிவப்புக் கிண்ணத்துக்குள் விரலை விட்டு எடுத்தாள். மாடவீதியில் கூடை கூடையாகப் போட்டு விற்கிறார்களே, பிளாஸ்டிக் அகல், அடியில் பொட்டு மாதிரி பேட்டரி வைத்தது, அது. அவள் உள்ளங்கையில் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. கிண்ணத்துக்குள் அந்தக் குண்டு பல்பு கழற்றி விடப்பட்டு, இருண்டு கிடந்தது.

"நான்தான் பல்ப கழட்டினேன். போன வெள்ளிக்கெழம."

அருணாதேவி அந்த இருண்ட பல்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம நான் பூ சாத்திக் கும்புட்டனேடி."

"கும்புட்டம்மா."

"நேத்து கும்புட்டேன். அதுக்கு முந்தின நாளு கும்புட்டேன்."

"ஆமாம்மா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

"ஒனக்கு ஒண்ணும் ஆவலியா?"

"ஆவலம்மா. பாரு. நிக்கறேன்."

அம்மா மகளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்து நான் நடுவே போகக் காலை எடுத்து வைத்தேன். அவள் அடிக்கவில்லை. திரும்பி நடந்து வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். டீ கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. தூறல் டீயில் விழுந்துகொண்டிருந்தது. பெஞ்சை உள்ளே தள்ளிப் போட்டேன், அவளோடு சேர்த்து.

ஆர்த்தி அழுதுகொண்டே மூர்த்தியிடம் சொன்னாள். "மாமா, பல்பு எரியாமலே வண்டி நின்னுட்டுது. அப்ப பல்பு காரணம் இல்ல இல்ல? அத்தச் சொல்லத்தான் சொன்னேன். இல்லன்னா எங்கம்மாவுக்கு நான் சாவற வரிக்கும் சொல்லியிருக்க மாட்டேன். வேற எங்கியோ போவுது. பாருங்க மாமா, டைம் ஆவுது."

மூர்த்தி கட்டிங் பிளேயரைக் கீழே போட்டான். பிறகு, "முருகவேலு, சாவியத் திருப்பு. உடாம புடி" என்றான். டிரைவர் சீட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். செல்ஃப் 'கட் கட்' என்றது. அவன் ஒவ்வொரு வயராகக் கையால் பிடித்துக்கொண்டே போனான். பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்கு வருகிற எர்த்து வயர், அது போல்ட்டில் மாட்டியிருக்கிற இடத்தைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"சுடுது!" என்றான். "அட கடவுளே, கொள்ளிக்கட்டையாட்டம் சுடுது!"

போல்ட்டைக் கழற்றினான். வயரின் முனை உட்கார்ந்திருந்த இடம் பளபளவென்று கருப்பாக இருந்தது. துருவும் இல்லை, அழுக்கும் இல்லை. புது பெயிண்ட்.

"இங்க யாருய்யா பெயிண்ட் அடிச்சது?"

முருகவேல் எட்டிப் பார்த்தார். "நான்தாம்பா. ஆயுத பூஜைக்கு. வெளக்கு வயர மட்டும் உடாம பேட்டரிய எறக்கி வெச்சுட்டுப் பாத்தா, அடியெல்லாம் துரு புடிச்சு அசிங்கமா இருந்துச்சு. பொண்ணு ஒக்கார்ற வண்டி, சுத்தமா இருக்கட்டும்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ரெண்டு கோட்டு அடிச்சேன். காஞ்சப்புறம் சந்தனம் குங்குமம் வெச்சு மாட்டினேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் ஆயுத பூஜை என்றால் அப்படித்தான். திருப்புளிக்குக்கூடக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார்கள். துருப்பிடித்த வண்டியைச் சாமி முன்னால் நிறுத்த மனசு வராது. பெயிண்டு டப்பாவைத் திறந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துவிட்டுத்தான் மூடுவார்கள். முருகவேலுக்கு மட்டும் என்ன தெரியும், எர்த்து வயர் இரும்பை நேராகத் தொட்டால்தான் கரண்டு ஓடும், நடுவில் பெயிண்டுத் தோல் இருந்தால் ஓடாது என்று? முழுசாக மறித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போல்ட்டு மரையில் கொஞ்சம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடி, வெயிலடித்தால் ஒருமாதிரி, மழை பெய்தால் ஒருமாதிரி என்று எல்லாரையும் ஆட்டிவைத்தது.

"எம்மேலயும் தப்பு கீது" என்றான் மூர்த்தி. கத்தியால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே பேசினான். "டைனமோவாண்டையே மீட்டர வெச்சுப் பாத்துட்டு ஏறுது ஏறுதுன்னேன். பேட்டரியாண்ட வந்து சேருதான்னு பாக்கல. மேல டாங்க்ல தண்ணி ரொம்புது, ஊட்டுக் கொழாயில வரலன்னா நடுவுல தான பாக்கணும்? தங்கச்சி அன்னிக்கே கேட்டுச்சு, ஆயுத பூஜைக்கு அப்புறம் ஏன் நிக்குதுன்னு. காதுல போட்டுக்கினு இருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வயரை இறுக்கி மாட்டினான். அவனுடைய வண்டிப் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தான். முருகவேல் சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மீட்டரைப் பேட்டரி மேலேயே வைத்துப் பார்த்துவிட்டு மூர்த்தி தலையை ஆட்டினான். "ஏறுது. இப்ப நெஜமா ஏறுது. வழியில ஆஃப் பண்ணாத. அந்தப் பல்பையும் பழையபடி திருவிக்கலாம், அது குடிக்கறது கம்மிதான்."

இதை அவன் அருணாதேவிக்குக் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னான். அவள் எழுந்து வந்தாள். டேஷ்போர்டைப் பார்க்கவே இல்லை. "இருக்கட்டும்ணா. மொதல்ல போயிட்டு வர்றோம்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தாயும் மகளும் அந்த நிலைமையில் எப்படிப் போவார்கள்? கடையை என் வீட்டுக்காரர் சுப்பிரமணியிடம் விட்டுவிட்டு, "நானும் வரேன், ஆஸ்பத்திரியாண்ட ஒரு சோலி கீது" என்று பொய் சொல்லி முன்சீட்டில் ஏறினேன். வழியெல்லாம் தீபத்துக்காகச் சவுக்குக் கட்டைகளை இறக்கித் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலை மழை மேகத்தில் பாதிதான் தெரிந்தது. பின்னால் அருணாதேவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, திட்டிடும்மா. இப்டி இருக்காதம்மா" என்றாள் ஆர்த்தி.

"திட்டறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"நீ ராத்திரியெல்லாம் எழுந்து போறதப் பாக்க முடியலம்மா. வண்டியும் சரியாவும், நீயும் தூங்குவன்னு நெனச்சேன். நீ அப்பவும் எழுந்து போன. அந்த பொம்ம வெளக்கப் பாத்து, கன்னத்துல போட்டுக்கினு வந்து படுத்த. நான் ஜன்னல்லேந்து பாத்தேன். அப்டியே செத்துடலாம் போல இருந்துச்சும்மா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் முருகவேலின் கண் மட்டும் தெரிந்தது, ரோட்டையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முடியலடி ஆர்த்தி" என்றாள் அருணாதேவி. "எனக்கு முடியல. சொன்னா ஒனக்குக் கெடுதல் வந்துடும்னு சொல்லாம இருந்தேன். காலு நோவுது, கண்ணு எரியுது. சில நாளு இதெல்லாம் வேணாம்னு தோணுது. தோணுச்சுன்னா அந்த வெளக்காண்ட போயி மன்னிச்சுக்கோன்னு கேப்பேன். அதுக்குத்தான்டி எழுந்து எழுந்து போனேன்."

"எனக்குந்தாம்மா முடியல."

"தெரியும்."

"நான் சொன்னா நீ அழுவன்னு சொல்லல."

"சொல்லு. இனிமே சொல்லு."

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். வாய்விட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார்கள். முருகவேலும் அழுதார், ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. நான் அழவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. நேரமும் தப்பவில்லை. அருணாதேவி மகளின் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாய் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை. முருகவேல் அவளைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினார்.

"எழுப்பாதப்பா" என்றாள் ஆர்த்தி.

"உள்ள யாரு வருவா? ஊசி போடறப்ப கைய புடிச்சுக்க அம்மா வேணுமே ஒனக்கு."

"நான் போயிக்கறேன்."

அம்மாவின் தலையைப் பிடித்து மெதுவாகச் சீட்டில் சாய்த்தாள். துப்பட்டாவைச் சுருட்டிக் கன்னத்துக்கு அடியில் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். இவ்வளவு காலத்தில் அந்தப் பெண் அந்தக் கதவுக்குள் தனியாகப் போனது கிடையாது. படியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். முருகவேல் இறங்கி ஓடப்போனார். அவள் திரும்பிப் பார்க்காமலே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர் வேனை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். மூர்த்தி சொன்ன மாதிரி இன்ஜினை அணைக்கவில்லை. கீழே இறங்கி, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அருணாதேவி திடுக்கென்று கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் கையால் துழாவினாள். மகள் இல்லை, நான் இருந்தேன்.

"ஆர்த்தி எங்கக்கா?"

"உள்ள போயிட்டா."

"யாரு கூட?"

"தனியாத்தான் போனா."

"ஊசி போட்டாச்சாமா?"

"போட்டாச்சு. நர்சம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. அழுவலியாம்."

எழுந்து ஓடுவாள் என்றுதான் நான் கால்களை ஒதுக்கி வழிவிட்டேன். அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். அந்தக் கதவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிய இன்னும் நேரம் கீது இல்லக்கா?"

"கீது. மதியம் ஆவும்."

"அப்ப நான் இன்னும் ரவ நேரம் படுக்கறேன்" என்று சொல்லி, காலை மடக்கிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.